பந்தியை விட்டெழுந்த பேதுரு

நட்பின் இயல்பை ஆராயப் புகுந்த வள்ளுவர் அதற்கென ஐந்து அதிகாரங்களை ஒதுக்கினார். நட்பு என்பது முதலாவது. நட்பாராய்தல் இரண்டாவது. பழைமை மூன்றாவது. தீ நட்பும் கூடா நட்பும் அவற்றைத் தொடர்கின்றன. ஆராயாது கொள்ளும் நட்பினால் விளையும் கேட்டை எடுத்துரைத்த அதே புலவர், அடுத்த அதிகாரத்திலேயே, நெடுநாட் பழகியவர் உரிமையாற் செய்யும் பிழையைப் பொறுத்துக்கொள்வதன் சிறப்பைப் பேசுகிறார். இவ்வதிகார வைப்பினை மாணவருக்குக் கற்பிக்கும்போதெல்லாம் எமக்கொரு கேள்வி எழுவதுண்டு. இரண்டாவது அதிகாரத்திலிருந்து மூன்றாவது அதிகாரத்திற்கு மனிதன் எங்ஙனம் சென்று சேர்கிறான்? ஆராய்ந்துகொண்டே இருப்பவன் எப்போது பழகத் தொடங்குவான்?

எமது சமூகத்தில் இரண்டாவது அதிகாரத்தோடு வாழ்வை முடித்துக்கொள்வோர் பலர். அடுத்த வீட்டாரோடு பத்தாண்டு வாழ்ந்தும் வேலிக்கு இப்பால் நின்று நலம் விசாரிப்பதற்கு மேல் ஒரு சொல்லும் பேசாதவர். ஒரே பாடசாலையிற் கற்பித்தும் சக ஆசிரியரின் வீட்டு முற்றத்தை மிதியாதவர். மணம் முடித்து இருபதாண்டு கழிந்தும் தம் கடனையோ கலக்கத்தையோ மனைவியிடம் வாய்விட்டுச் சொல்லாதவர். இத்தகையோரை நாம் தினந்தோறும் காண்கிறோம். இவர்கள் தீயவரல்லர், எவரிடத்தும் பகைமை பாராட்டுபவருமல்லர். ‘பார்த்துப் பழக வேண்டும்’, ‘நமக்கேன் வம்பு’ என்னும் இரண்டு வாக்கியங்களுக்குள்ளே தம் வாழ்வை அடக்கிக்கொண்டவர்கள். ஊரும் இவர்களை விவேகிகள் என்றே போற்றுகிறது.

இவ்விவேகம் எங்கிருந்து வந்தது என்பதை மறந்துவிட்டு இவர்களைப் பழிப்பது அநீதியாகும். எமது தலைமுறையினர் கிழக்கு மாகாணத்திற் போர்க்காலத்தே பிறந்தவர்கள். பாடசாலைக்குப் புறப்படும் பிள்ளைக்குத் தாய் சொல்லியனுப்பிய முதற்பாடம், சோதனைச் சாவடியிற் கேட்டதற்கு மாத்திரம் மறுமொழி சொல்ல வேண்டும் என்பதாகும். யார் வீட்டுக்கு யார் வந்தார், யார் எங்கே போனார் என்பன பிள்ளைகளின் வாயில் வரக்கூடாத செய்திகளாயிருந்தன. அவ்வெச்சரிக்கை உயிர்களைக் காத்தது. அஞ்சவேண்டியவற்றுக்கு அஞ்சாதிருத்தலை வள்ளுவரும் வீரமென்று கொண்டாரல்லர். ஆயினும் போர் 2009 மே மாதத்தில் முடிந்தது. சாவடிகள் பல அகற்றப்பட்டன. நாவின்மேல் வைத்த காவல் மட்டும் அகலவில்லை. பிள்ளையைக் காத்த அச்சம், அப்பிள்ளை வளர்ந்த பின்னர் அவனைச் சிறைவைத்துக்கொண்டிருக்கிறது.

உயிரைக் காக்கும் அச்சத்தையும் உறவை அழிக்கும் அச்சத்தையும் பிரித்தறிவது எவ்வாறு? இவ்வினாவுக்கு எமக்கு விடை தந்தது, பவுல் கலாத்தியருக்கு எழுதிய நிருபத்தின் இரண்டாம் அதிகாரத்திலே வரும் ஒரு சிறு நிகழ்ச்சியாகும்.

நிகழ்ச்சி நடந்த இடம் சீரிய தேசத்து அந்தியோகியா நகரம். இயேசுவின் சீடருக்குக் கிறித்தவர் என்னும் பெயர் முதன்முதல் வழங்கியது அந்நகரிலேதான். யூதரும் யூதரல்லாதாரும் அங்கே ஒரே சபையாக வாழ்ந்தனர். ஒரே பந்தியில் அமர்ந்து உண்டனர். யூதரின் உணவு விதிகளை அறிந்தவர்களுக்கு இது எத்துணைப் பெரிய புரட்சி என்பது விளங்கும். அந்நகருக்கு வந்த பேதுருவும் யூதரல்லாதாரோடு தயக்கமின்றி அமர்ந்து உண்டார். பின்னர் எருசலேமிலிருந்து, யாக்கோபைச் சார்ந்தோர் சிலர் வந்து சேர்ந்தனர். அவர்களைக் கண்டதும் பேதுரு மெல்ல மெல்லப் பந்தியிலிருந்து விலகினார். அவர் விலகியதைக் கண்டு ஏனைய யூதரும் விலகினர். பவுலின் நெருங்கிய தோழரான பர்னபாவும் அவர்களோடு இழுபட்டார். பவுல் அதைப் பொறுத்தாரில்லை. எல்லாரும் பார்த்திருக்கப் பேதுருவை நேருக்கு நேர் கண்டித்தார்.

பேதுரு விலகியதற்குப் பவுல் கூறும் காரணம் அச்சம். யாருக்கு அஞ்சினார் என்பதுதான் இங்கே நாம் ஊன்றி நோக்கவேண்டியது. தம்முடன் பந்தியில் இருந்த புறவினத்தாருக்கு அவர் அஞ்சவில்லை. அவர்களுடைய உணவுக்கும் அஞ்சவில்லை. அதைத்தான் பல நாள் உண்டிருந்தாரே! அவர் அஞ்சியது வாசலில் வந்து நின்ற தம்மவருக்கு. அவர்கள் தம்மைப்பற்றி என்ன நினைப்பார்கள், ஊர் திரும்பி என்ன சொல்வார்கள், அதன்பின் தமக்குள்ள இடம் என்னவாகும் என்பனவே அவரை எழுப்பின.

உறவை அழிக்கும் அச்சத்தின் அடையாளம் இதுவே என்பது எமது துணிபு. அந்நியனுக்கு அஞ்சுவதாக நாம் சொல்லிக்கொள்கிறோம். உள்ளத்தைத் துருவிப் பார்த்தால், பெரும்பாலும் நாம் அஞ்சுவது எம்மவருக்கே.

இதற்குச் சான்று தேடி அந்தியோகியா வரை செல்லவேண்டியதில்லை. யாழ்ப்பாணத்துத் தேநீர்க்கடைகளில் ஒடுக்கப்பட்ட மக்களுக்குச் சிரட்டையிலும் போத்தலிலும் தேநீர் வழங்கிய காலத்தை இம்மாசிகையின் வாசகர் அறிவர். சமூகக் குறைபாடுகளைத் தடுக்கும் சட்டம் 1957 இல் நிறைவேறிய பின்னரும் அவ்வழக்கம் ஒழியவில்லை. 1966 ஒக்டோபரில் சுன்னாகத்திலிருந்து யாழ்ப்பாணம் நோக்கிச் சென்ற ஊர்வலமும், அதைத் தொடர்ந்த தேநீர்க்கடைப் பிரவேச, ஆலயப் பிரவேசப் போராட்டங்களும் தேவைப்பட்டன. தன் வயலில் வேலை செய்து, தன் நெல்லைச் சுமந்து, தன் வீட்டுக் கிணற்றையும் வெட்டித் தந்த மனிதனுக்கு எந்த நிலவுடைமையாளனாவது உண்மையில் அஞ்சியிருப்பானா? அம்மனிதன் குடித்த கிண்ணத்தில் நஞ்சு இருந்ததா? கடைக்காரன் அஞ்சியது அடுத்த வாங்கில் இருந்த தன் வாடிக்கையாளனுக்கு. வாடிக்கையாளன் அஞ்சியது தன் மச்சானுக்கு. மச்சான் அஞ்சியது தன் மகளின் கலியாணப் பேச்சுக்கு. ஒருவரையொருவர் காவல்செய்யும் இவ்வச்சத்தினாலேயே சாதி நின்றது. இதனால் ஆதாயம் பெற்றவர் சிலர். அதைச் சுமந்து காத்தவர் பலர். அதிகாரம் எல்லா இடத்தும் காவலாளியை நிறுத்துவதில்லை. ஒவ்வொருவரையும் அடுத்தவருக்குக் காவலாளியாக்கிவிட்டால் அதற்கு அதுவே போதும்.

கிழக்கிலே இவ்வச்சத்துக்கு வேறொரு முகம் உண்டு. 1990 ஆகஸ்டு மாதத்தில், காத்தான்குடிப் பள்ளிவாசல்களிலே தொழுதுகொண்டிருந்த முஸ்லிம் மக்கள் தமிழ் ஆயுததாரிகளாற் கொல்லப்பட்டனர். அடுத்த மாதம் சத்துருக்கொண்டானிலே தமிழ்க் கிராமத்தவர்கள், குழந்தைகள் உட்பட, படையினராற் கொல்லப்பட்டனர். தோளோடு தோள் உரசி நிற்கும் தமிழ்க் கிராமங்களும் முஸ்லிம் கிராமங்களும் அன்றிலிருந்து ஒன்றையொன்று ஓரக்கண்ணாற் பார்க்கப் பழகிக்கொண்டன. 2018 பெப்ரவரியில், அம்பாறையிலே ஒரு முஸ்லிம் உணவகத்தின் உணவில் மலட்டு மருந்து கலந்திருப்பதாக வதந்தி எழுந்தது. உணவகமும் பள்ளிவாசலும் தாக்கப்பட்டன. உணவிலிருந்தது மாக்கட்டி என்று அரச பகுப்பாய்வாளர் பின்னர் அறிக்கை தந்தார். அறிக்கை போய்ச்சேராத இடங்களுக்கெல்லாம் வதந்தி போய்ச்சேர்ந்திருந்தது.

அதன்பின் வந்தது 2019 ஏப்பிரல் 21 ஆம் திகதி. உயிர்த்த ஞாயிறன்று கொழும்பிலும் நீர்கொழும்பிலும் மட்டக்களப்பிலும் குண்டுகள் வெடித்தன. 250 க்கும் மேற்பட்டோர் மாண்டனர். மட்டக்களப்புச் சீயோன் தேவாலயத்தில் இறந்தவர்களிற் பலர் சிறுவர். அடுத்த மாதத்தில் வடமேல் மாகாணத்திலும் மினுவாங்கொடையிலும் குண்டுகளோடு எத்தொடர்புமற்ற முஸ்லிம் மக்களின் வீடுகளும் கடைகளும் எரிந்தன.

அக்காலத்தில் நாம் கற்பித்த பாடசாலையில் ஒரு முஸ்லிம் ஆசிரியை இருந்தார். ஒவ்வோர் ஆண்டும் நோன்புப் பெருநாள் கழிந்து பாடசாலைக்கு வரும் முதல் நாளில் அவர் ஒரு பெரிய பெட்டி நிறைய வட்டிலப்பம் கொண்டுவருவது வழக்கம். மதிய மணி அடிப்பதற்கு முன்னரே பெட்டி வெறுமையாகிவிடும். 2019 யூன் மாதத்திலும் அவர் அவ்வாறே கொண்டுவந்து ஆசிரியர் அறையின் நடு மேசையில் வைத்தார். முதலாம் இடைவேளை கழிந்தது; மூடி திறக்கப்படவில்லை. ஒருவருக்கு நீரிழிவு வந்திருந்தது. மற்றொருவருக்கு விரதம் வந்திருந்தது. வேறு சிலருக்கு அவசரமாகத் திருத்தவேண்டிய கொப்பிகள் வந்திருந்தன. அவ்வாசிரியை எதையும் கேட்கவில்லை. கைக்குட்டையை மடித்து விரித்து மடித்துக்கொண்டிருந்தார்.

ஓய்வு பெறுவதற்குச் சில ஆண்டுகளே இருந்த விஞ்ஞான ஆசிரியை ஒருவர், வகுப்பு முடிந்து அறைக்குள் வந்தார். சீயோன் தேவாலயத்து மரணச் சடங்குகளிலே நின்று அழுதவர் அவர். மேசையையும் எல்லாருடைய முகங்களையும் ஒருமுறை பார்த்தார். பின்னர் கதிரையை இழுத்து அம்முஸ்லிம் ஆசிரியையின் அருகே போட்டு அமர்ந்து, “தங்கச்சி, கரண்டி எங்க?” என்றார். ஒரு துண்டை வெட்டி உண்டார். இன்னொரு துண்டை ஒரு தட்டில் இட்டு எம்மிடம் நீட்டினார். நாமும் பெற்று உண்டோம். அன்றைக்கு மேலும் மூவர் வந்து எடுத்தனர். ஏனையோர் எடுக்கவில்லை. பெட்டி பாதி வெறுமையாய் வீடு திரும்பியது. அற்புதம் எதுவும் நிகழ்ந்துவிடவில்லை. ஆனால் மறுநாள் அவ்வாசிரியை வழமைபோல எல்லாரோடும் அமர்ந்து தம் சாப்பாட்டுப் பெட்டியைத் திறந்தார். இல்லாவிட்டால் அவர் இடமாற்றத்துக்கு விண்ணப்பித்திருப்பார் என்று பிற்பாடு அறிந்தோம்.

சில நாட் கழித்து, “உங்களுக்குப் பயமாக இருக்கவில்லையா ரீச்சர்?” என்று அந்த மூத்த ஆசிரியையிடம் கேட்டோம்.

“பயந்துதான் போனன் பிள்ளை. வட்டிலப்பத்துக்கில்ல, உங்க எல்லாருட கண்ணுக்கும். பயம் போனாப் பிறகு சாப்பிடுவம் எண்டு இருந்தா வட்டிலப்பம் பழுதாப் போயிரும்” என்று சொல்லிச் சிரித்தார். பின்னர் சிரிப்பை நிறுத்தி, “அந்தக் கண்ணெல்லாம் எனக்குத் தந்த மரியாதை போனா என்ன மிஞ்சும் எண்டு யோசிச்சன். மிஞ்சுறது ஒண்டு இருக்கு எண்டு நம்பித்தானே ஞாயிற்றுக்கிழமை முழங்கால்ல நிக்கிறன்” என்றார்.

விசுவாசம் அச்சத்தை எவ்வாறு வெல்கிறது என்பதற்கு இதனிலும் தெளிவான விளக்கத்தை நாம் எந்நூலிலும் கண்டதில்லை. பவுலும் இதையே தருக்கமுறையிற் சொல்லியிருக்கிறார். பேதுருவைக் கண்டித்த செய்தியைச் சொன்ன கையோடு அவர் எடுத்துக்கொள்ளும் பொருள், மனிதன் விதிகளைக் கைக்கொள்வதனாலன்றி விசுவாசத்தினாலேயே நீதிமானாக ஏற்கப்படுகிறான் என்பது. கிறித்தவ சமயத்தின் தலையாய கோட்பாடுகளுள் ஒன்றாகப் பின்னர் எண்ணப்பட்ட இது, அந்நிருபத்திலே ஒரு சாப்பாட்டுப் பந்தியின் சச்சரவை ஒட்டியே எழுகிறது. அதன் பொருளும் அப்பந்தியில் வைத்தே விளங்கும். என்னுடைய இடம் என் குலத்தாரின் கையிலே இருக்கும்வரை நான் அவர்களுக்கு அஞ்சியே தீரவேண்டும். என் இடத்தை அவர்கள் தரவில்லை, ஆகவே அவர்களால் எடுக்கவும் முடியாது என்று நான் நம்புவேனாயின், என்னாற் பந்தியில் தொடர்ந்து இருக்க முடியும். புதிய ஏற்பாட்டின் மற்றொரு நிருபம் அன்புக்கு எதிராக அச்சத்தை நிறுத்துகிறது. வெறுப்பைத்தான் அன்பின் பகையென்று நாம் எண்ணியிருக்கிறோம். ஆனால் வெறுக்கத் துணியாத நல்லவர்களும் அஞ்சுவதனாலேயே அன்பு செய்யாமற் போகிறார்கள்.

எமது தோழர்களிற் சிலர் இங்கே இடைமறித்து, “அச்சத்தைப் போக்க வந்ததா மதம்? அச்சத்தை விதைத்ததே மதமல்லவா? உமது தேவாலயங்களிற் சாதிக்கொரு பக்கமாக மக்கள் அமர்ந்திருக்கவில்லையா? மிசன் பாடசாலைகளில் ஒடுக்கப்பட்ட பிள்ளைகள் தரையில் இருக்கவில்லையா?” எனக் கேட்பர். கேள்வி நியாயமானது, மறுப்பதற்கில்லை. சம ஆசனம், சம போசனம் என்பன 1920 களிலும் 1930 களிலும் போராடிப் பெறவேண்டியவையாயிருந்தன. அன்று யாழ்ப்பாண வாலிபர் காங்கிரசின் இளைஞரும் ஆசிரியரும் சாதிக்கெதிராகக் குரல் எழுப்பியபோது, வேதம் ஓதியவர்களிற் பலர் தம்மவரின் முகத்தைப் பார்த்துக்கொண்டு வாளாவிருந்தனர். பேதுருக்கள் பலரும் பவுல்கள் சிலருமாகவே திருச்சபை நெடுங்காலம் நடந்தது. 1960 களில் தேநீர்க்கடை வாசலில் அடிபட்டவர்களை முன்னின்று நடத்தியவர்களிற் பலர் கடவுளை நம்பாத பொதுவுடைமையாளர்.

இதற்கும் இயேசு சொன்ன கதையொன்று இருக்கிறது. தந்தை இரு மைந்தரைத் திராட்சைத் தோட்டத்தில் வேலை செய்யப் பணித்தார். ஒருவன் மாட்டேன் என்றான். பின்னர் மனம் மாறிப் போனான். மற்றவன் போகிறேன் என்றான், போகவில்லை. தந்தையின் சித்தத்தைச் செய்தவன் யார் என்று இயேசு கேட்டார். கடவுளை மறுத்துவிட்டுத் தோட்டத்துக்குப் போன தோழர்களை அக்கதையில் நாம் காண்கிறோம். அவர்களைக் கண்டு கிறித்தவன் வெட்கப்படலாம், அவர்களுக்கு அஞ்சவேண்டியதில்லை.

தோட்டத்துக்குப் போவதாகச் சொல்லி உண்மையிலேயே போனவர்களும் இருந்தனர். குருநாகல் அங்கிலிக்கன் பேராயராயிருந்த லக்ஷ்மன் விக்கிரமசிங்க அவர்களுள் ஒருவர். 1983 யூலையிலே தமிழ் மக்கள் கொல்லப்பட்டபோது அவர் வெளிநாட்டில் இருந்தார். நாடு திரும்பி, அக்கொடுமையை எந்த நியாயமும் மூடிமறைக்க முடியாது, சிங்கள மக்கள் அதற்காக வெட்கமுற வேண்டும் எனத் தம் இனத்தாரை நோக்கி எழுதினார். அதே ஆண்டு ஒக்டோபரில் அவர் காலமானார். தமிழருக்கு ஆறுதல் கூறுவது அவருக்கு எளிது. தம்மவரைப் பார்த்து ‘நாம்’ என்று தொடங்கி அவ்வுண்மையைச் சொல்வதே அரிது. பந்தியில் இருப்பவரோடு இருந்துகொண்டு வாசலில் நிற்கும் தம்மவரை நிமிர்ந்து பார்த்த செயல் அது.

பெரிய நிகழ்ச்சிகளைச் சொல்லிவிட்டு வீட்டுக்குள் நடப்பதை மறத்தல் கூடாது. வீட்டிலும் இதே அச்சந்தான் ஆள்கிறது. மத்தேயு சுவிசேஷத்தில் வரும் தாலந்துக் கதையை எல்லாரும் கேட்டிருப்பர். ஒரு தாலந்து என்பது கூலியாளொருவன் ஏறத்தாழ இருபது ஆண்டு உழைத்துப் பெறக்கூடிய தொகை. அதைப் பெற்ற மூன்றாவது ஊழியன் களவாடவில்லை; சூதாடவில்லை; அஞ்சி மண்ணிற் புதைத்துவைத்தான். எசமான் கடினமானவர் என்று தான் மனத்தில் தீட்டி வைத்திருந்த ஓவியமே அவனை அச்சுறுத்தியது. எமது இல்லங்களில் அவ்வாறு புதைக்கப்பட்ட தாலந்துகள் எத்தனை! தகப்பன் ஏசுவார் என்று மகன் சொல்லாத தோல்வி; மாமியார் குறைசொல்வாரென்று மருமகள் அடக்கிய துயர்; சாதகமும் சீதனமும் சாதியும் நுணுகி ஆராயப்பட்ட கலியாணத்திலே மணமக்கள் இருவரும் மனம்விட்டுப் பேசாத பேச்சு. காசு நட்டமாகவில்லை, மானம் நட்டமாகவில்லை என்று ஊழியன் கணக்குக் காட்டுகிறான். இருபதாண்டு வாழ்வு மண்ணுக்குள் இருக்கிறது.

விழிப்பு வேண்டாம் என்று நாம் சொல்ல வரவில்லை. அடிக்கிற கணவனுக்கு அஞ்சி விலகும் பெண்ணிடமும், ஏமாற்றியவனை மறுமுறை நம்ப மறுக்கும் ஏழையிடமும் அன்பின் பெயரால் அடங்கிப் போகுமாறு உபதேசிப்பது கொடுமை. பாம்பின் விவேகம் தம் சீடருக்கு வேண்டுமென்று இயேசுவே சொன்னார். வேறுபாட்டை அறியும் வழி எளிது. எதிரே இருப்பவன் எனக்கு என்ன செய்தான் என்று முதலிற் கேட்கவேண்டும். அவன் எதுவும் செய்யவில்லை என்றால், வாசலில் நின்று என்னைப் பார்ப்பவர் யார் என்று அடுத்ததாகக் கேட்கவேண்டும். இவ்விரு வினாக்களுக்கும் நேர்மையாக விடை காண்பவன் தன் அச்சங்களிற் பாதியின் முகவரியைக் கண்டுகொள்வான்.

ஆசிரியரும் மாணவருமாகிய எமக்கு இதில் ஒரு தனிக்கடமை உண்டு. பிள்ளைகள் எமது பாடங்களை மறந்துவிடுவார்கள். யாருக்கு அருகில் நாம் கதிரையை இழுத்துப் போட்டோம் என்பதை மறக்கமாட்டார்கள். பேதுரு எழுந்ததும் பர்னபாவும் எழுந்தான் என்பதில் எவ்வளவு கவலைக்கிடமான உண்மை இருக்கிறதோ, ஒருவர் எழாமலிருந்தால் இன்னொருவரும் எழாமலிருப்பார் என்பதில் அவ்வளவு நம்பிக்கையும் இருக்கிறது. நிருபத்திலே பவுலின் கண்டனத்துக்குப் பேதுரு என்ன மறுமொழி சொன்னார் என்ற செய்தி இல்லை. அவர் பந்திக்குத் திரும்பினாரா என்பதையும் பவுல் எழுதவில்லை. அவ்விடம் வெற்றிடமாக விடப்பட்டிருக்கிறது. அங்கே அமரவேண்டியவர் இன்று யார் என்பதை வாசகர் தாமே அறிவர்.